ஆர்டர் நோட்டில் ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: உடுமலைப்பேட்டையில் வீட்டு முன்னறையில் 11 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 39. பெரும்பாலும் பிளவுஸ்தான், சுடிதாரும் வரும். காலை ஐந்தரைக்கு ஹெம்மிங்கோடு ஆரம்பித்தால் இரவு பதினொன்றரை ஆகிவிடுகிறது. சமையல், வீட்டு வேலை போக மெஷினிலும் கடையிலுமாக 13 மணி நேரம். ஞாயிறு கிடையாது. போன தீபாவளிக்கு மூன்று ராத்திரி தூங்கவில்லை. மூன்றாவது ராத்திரி ஒரு பட்டுப் பிளவுஸுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக் கையாக வெட்டிவிட்டேன். வலது தோள் வலிக்கிறது, தூக்கத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்கிறார். ஓய்வெடுத்தால் கஸ்டமர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை குழுத் தவணை வேறு இருக்கிறது. ஆள் வைக்கலாம் என்றால் கிடைப்பதில்லை. கொஞ்சம் சும்மா உட்கார்ந்தாலும் ஏதோ தப்புச் செய்கிற மாதிரி இருக்கிறது. ஞாயிறு மூடலாமா? என்ன செய்வது?
- ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் உங்களிடம் ஒரு வேலை சொல்லியிருந்தேன். ஆர்டர் நோட்டில் ஏதாவது ஒரு வாரத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், எதற்கு என்ன கூலி, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் எழுதுங்கள் என்று. இத்தனை வேலைக்கு நடுவிலும் அனுப்பினீர்கள், நன்றி. 22 வருடமாகச் சிறு கடைக்காரர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். கடை எப்படி நடக்கிறது என்று கடைக்காரரைக் கேட்பதைவிட நோட்டைக் கேட்பது எனக்குச் சுலபம்.

உங்கள் நோட்டை ரொம்ப நேரம் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் குண்டூசியால் குத்திய துணித் துண்டு. தேதியைச் சுற்றி ஒரு வட்டம். பல இடத்தில் அந்தத் தேதியை அடித்துவிட்டு, இரண்டு நாள் முந்தைய தேதி போட்டு, மேலே சிவப்பு மையில் 'அர்ஜென்ட்'. அந்த வாரத்தில் மொத்தம் 28 உருப்படி, அதில் 11-க்குச் சிவப்பு மை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் மட்டும் ஏழு பெயர்.

மளிகைக் கடையில் சரக்கு தீர்ந்தால் 'தீர்ந்துடுச்சு, நாளைக்கு வரும்' என்கிறார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. உங்கள் கடையில் நீங்கள் விற்கிற சரக்கு உங்கள் நேரம். அது தீர்ந்த பிறகும் நீங்கள் 'தீர்ந்துவிட்டது' என்று சொல்வதில்லை. தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள். உங்கள் கஷ்டத்துக்கு மூலம் இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் 'ஓய்வெடுங்கள்' என்று டாக்டரைப் போல நானும் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஓய்வை எங்கே வைப்பது என்று நோட்டில்தான் இடம் தேட வேண்டும்.

முதலில் அந்த வாரத்துக் கணக்கு. சாதா பிளவுஸ் 9, தலா 200 ரூபாய். லைனிங் பிளவுஸ் 16, தலா 350. சுடிதார் 3, தலா 400. ஆல்ட்ரேஷன் 14 வந்திருக்கிறது, ஆனால் ஐந்துக்குத்தான் 50 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். மற்ற ஒன்பதும் சும்மா செய்து கொடுத்தது. ஆக மொத்தம் 8,850 ரூபாய். லைனிங் துணிக்கு 960, நூல், ஹூக், கரண்ட் எல்லாம் சேர்த்து 340 கழித்தால் கையில் நிற்பது 7,550. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 91 மணி நேரம். மணிக்கு 83 ரூபாய்.

இப்போது நேரத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். சாதா பிளவுஸுக்கு ஒன்றேகால் மணி நேரம், லைனிங்குக்கு இரண்டேகால், சுடிதாருக்கு இரண்டரை, ஆல்ட்ரேஷனுக்கு அரை மணி என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன், 62 மணி நேரம்கூட முழுதாக வரவில்லை. ஆனால் நீங்கள் கடையில் இருந்தது 91 மணி நேரம். மீதி 29 மணி நேரம் எங்கே போனது?

அதற்கும் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. ஒருவர் வந்து 'அக்கா, என்னுது முடிஞ்சுதுங்களா' என்றதும் கையில் இருக்கிற பச்சையை ஓரமாக வைத்துவிட்டு அவருடைய மெரூனை எடுக்கிறீர்கள். மெஷினில் நூல் மாற்ற வேண்டும், பாபின் மாற்ற வேண்டும், ஓவர்லாக்கிலும் மாற்ற வேண்டும். அவர் போனதும் திரும்பப் பச்சை. விட்ட இடத்தைத் தேடி, கைக்கு எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று மறுபடி பார்த்து ஆரம்பிக்க வேண்டும். நடுவில் போன் வருகிறது, கழுத்து மாடல் படம் வருகிறது, 'இது நல்லாருக்குமா, அது நல்லாருக்குமா' என்ற பேச்சு வருகிறது. மேட்சிங் நூல் இல்லை என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடைவீதிக்குப் போகிறீர்கள். இதெல்லாம் வேலைதான், சும்மா இருந்தது இல்லை. ஆனால் இதற்குக் கூலி இல்லை. உங்கள் தூக்கத்தைத் தின்பது தையல் இல்லை, இந்த 29 மணி நேரம்.

சரி, இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

வருகிற திங்கட்கிழமை ஒரு புது நோட்டு போடுங்கள். பெயரை எழுதுவதற்கு முன்னால், அடுத்த இரண்டு மாதத்துக்கு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் என்று தேதி போடுங்கள். அதில் எல்லா ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு. இதை முதலில் செய்ய வேண்டும். 'வேலை குறைந்தால் ஞாயிறு எடுத்துக்கொள்ளலாம்' என்று வைத்தால் அந்த ஞாயிறு வராது. 11 வருடமாக வரவில்லையே!

மற்ற ஆறு நாளுக்கும் ஒரு அளவு வேண்டும். சாதா பிளவுஸ் என்றால் ஒரு புள்ளி, லைனிங்கோ சுடிதாரோ என்றால் இரண்டு. ஒரு பக்கத்துக்கு எட்டுப் புள்ளிக்கு மேல் கூடாது. அதிலும் முன்கூட்டி ஆறு வரைதான் எழுத வேண்டும். மீதி இரண்டை அவசரத்துக்காகக் காலியாக வையுங்கள். பக்கம் நிரம்பிவிட்டால் பக்கத்தைத் திருப்புங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வாடிக்கையாளர் எதிரில் நின்றுகொண்டு கேட்கும்போது நம் வாய் 'சரிங்க' என்று சொல்லிவிடும். நோட்டைத் திருப்பிக் காட்டி 'புதன்கிழமை நிரம்பிடுச்சுங்க, வெள்ளிக்கிழமை இடம் இருக்குது' என்று சொல்லிப் பாருங்கள், முகத்துக்கு நேரே மறுத்த மாதிரி இருக்காது.

அதோடு கேட்கிற கேள்வியையும் மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் 'எப்பங்க வேணும்?' என்று கேட்கிறீர்கள். யாராக இருந்தாலும் 'நாளைக்கே' என்றுதான் சொல்வார்கள். இனிமேல் 'எந்தத் தேதியில கட்டப் போறீங்க?' என்று கேளுங்கள். கல்யாணம் வெள்ளிக்கிழமை என்றால் வியாழக்கிழமை மதியம் கொடுத்தால் போதும். சிவப்பு மை போட்ட அந்தப் பதினொன்றில் எத்தனை பேர் துணியை வாங்கிக்கொண்டு போய் ஒரு வாரம் பீரோவில் வைத்திருந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நிஜமாகவே அவசரம் என்றால் அதற்கு 100 ரூபாய் கூடுதல் என்று எழுதிப் போடுங்கள். கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். மற்றவர்களுக்குத் திடீரென்று அவசரம் குறைந்துவிடும்.

கொடுக்கல் வாங்கலை மாலை 4 முதல் ஏழரை வரை வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிற பெண்களுக்காக வாரத்தில் இரண்டு நாள் மட்டும் எட்டரை வரை. காலை 9 முதல் 1 வரை கதவைச் சாத்திவிட்டுத் தையல் மட்டும். மதியம் 2 முதல் 4 வரை கட்டிங். இரண்டு நாளைக்கு வேண்டியதை ஒரே மூச்சில் வெட்டி, ஒவ்வொன்றையும் அதனுடைய அளவு பிளவுஸோடு சுருட்டிக் கட்டி வையுங்கள். தைக்கும்போது தேதியோடு நிறத்தையும் பாருங்கள். மெரூன், சிவப்பு, அரக்கு எல்லாம் ஒரு வேளை, பச்சை வகை ஒரு வேளை. பத்துப் பாபினில் நூல் சுற்றித் தயாராக இருக்கட்டும். லைனிங்கும் நூலும் வாங்க வாரத்தில் ஒரு நாள்தான் கடைவீதி.

போனுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள்ளுங்கள், காசு கிடையாது. கடை நேரத்தை அதில் எழுதிவிடலாம். கடை மூடியிருக்கும் நேரத்தில் செய்தி வந்தால் 'நாளை மாலை 4 மணிக்குப் பதில் சொல்கிறேன்' என்று அதுவே சொல்லிவிடும். இரவு பத்தே முக்காலுக்கு ஒருவர் கழுத்து மாடல் அனுப்புகிறார் என்றால் அவர் உடனே பதில் வேண்டும் என்று அனுப்பவில்லை. அவருக்கு அப்போதுதான் நேரம் கிடைத்தது. உடனே பதில் போட்டுப் பழக்கிவிட்டது நாம்தான். (எனக்கும் இதை விட ஒரு வருடம் ஆனது.)

ஆல்ட்ரேஷன் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். உங்கள் தப்பென்றால் காசு வாங்காமல், முகம் சுளிக்காமல் செய்து கொடுங்கள். அது உங்கள் பெயர். உடம்பு போட்டுவிட்டது, அக்காவுடையதைத் தங்கை போட்டுக்கொள்கிறாள், வேறு கடையில் தைத்ததைப் பிரித்துத் தைக்க வேண்டும் என்றால் 50 ரூபாய். செவ்வாய்க்கிழமை மட்டும் ஆல்ட்ரேஷன் என்று வையுங்கள். செவ்வாயில் புதுத் துணியை வெட்டக் கொடுக்காதவர்கள் நம் ஊர்ப் பக்கம் நிறைய. எப்படியும் அன்று கை கொஞ்சம் காலியாக இருக்கும்.

ஆள் கிடைக்கவில்லை என்கிறீர்கள். கிடைக்காது. மெஷின் ஓட்டத் தெரிந்த பெண்களைத் திருப்பூர் கம்பெனி வேன்கள் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகின்றன. அந்தச் சம்பளத்தோடு நீங்கள் போட்டி போட வேண்டாம், இப்போதைக்கு அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது மெஷின் ஓட்டுகிற ஆள் இல்லை, ஹெம்மிங்கும் ஹூக்கும் வைக்கிற ஆள். வீட்டை விட்டு வெளியே போக முடியாத, கைக்குழந்தை இருக்கிற, ஊசி பிடிக்கத் தெரிந்த ஒரு பெண் உங்கள் தெருவிலேயே இருப்பார். உருப்படிக்கு 20 ரூபாய் கொடுங்கள். ஒரு பிளவுஸுக்குக் கைவேலை இருபது நிமிடம் என்றால் வாரத்துக்கு 25 பிளவுஸுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உங்களுக்கு மிச்சம். கொடுக்கப்போவது 500 ரூபாய். அந்த எட்டு மணி நேரத்தில் இப்போது நீங்கள் சம்பாதிப்பது சுமார் 660. நஷ்டம் எங்கே இருக்கிறது? ஆரம்பத்தில் இரண்டு வாரம் அவர் வைக்கிற தையல் பெரிது பெரிதாக இருக்கும், உங்களுக்குக் கை துறுதுறுக்கும். பிடுங்கி நீங்களே செய்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பிளவுஸ் முழுக்கச் சொல்லிக் கொடுங்கள்.

கூலியை ஏற்ற உங்களுக்குத் தயக்கம். மூன்று வருடமாக லைனிங் பிளவுஸுக்கு 350-தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று வருடத்தில் லைனிங் துணி ஏறவில்லையா, நூல்கண்டு ஏறவில்லையா? ஏறினதெல்லாம் உங்கள் கூலியிலிருந்துதான் போயிருக்கிறது. லைனிங்கை 400, சாதாவை 230, சுடிதாரை 450 ஆக்குங்கள். அடுத்த மாதம் முதல் தேதி என்று எழுதி இப்போதே ஒட்டிவிடுங்கள்.

இதனால் சிலர் போய்விடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு லைனிங், ஒரு சாதா குறைகிறது. ஆல்ட்ரேஷனும் எட்டாகக் குறைகிறது, ஆனால் எட்டுக்கும் காசு. இரண்டு பேர் அவசரக் கூலி கொடுக்கிறார்கள். மொத்தம் 9,390 வருகிறது. லைனிங் துணி 840, நூல் வகைக்கு அதே 340, ஹெம்மிங் கூலி 440 கழித்தால் 7,770. முன்பு 7,550. நேரம் ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி, மொத்தம் 60. மூன்று பிளவுஸ் போய், ஞாயிறும் போய், 31 மணி நேரம் திரும்பி வந்து, 220 ரூபாய் கூடவும் இருக்கிறது. இந்தக் கணக்கை நாலு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் உங்கள் திங்கட்கிழமைத் தவணை இதை நம்பித்தான் இருக்கிறது.

அந்தத் தவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரா வாரம் கட்டுகிற கடன் இருந்தால் எந்த மனுஷருக்கும் ஒரு நாள் கடையை மூடத் துணிச்சல் வராது. இந்தக் கடனை முடித்துவிட்டு அடுத்தது வாங்கினால் மாதத் தவணையாகக் கேளுங்கள். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனில் தவணை வாரமா மாதமா என்பதைக் கடன் வாங்குகிறவரின் தேவைக்கு ஏற்ப வைக்க வழி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகளில் இருக்கிறது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. இதைக் குழுவில் மற்ற பெண்களுக்கும் சொல்லுங்கள்.

இனி, ஞாயிறு மூடலாமா என்ற உங்கள் கேள்வி. வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிறுதான் வருகிறார்கள், அதனால் வேறு கிழமை மூடலாமா என்றும் யோசித்திருக்கிறீர்கள். வியாபாரக் கணக்கு மட்டும் பார்த்தால் செவ்வாய் மூடுவதுதான் லாபம். ஆனால் நான் ஞாயிறு என்றே சொல்வேன். செவ்வாய்க்கிழமை உங்கள் கணவர் வேலைக்குப் போயிருப்பார், மகள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். யாரும் இல்லாத வீட்டில் நீங்கள் உட்கார மாட்டீர்கள். துணி துவைப்பீர்கள், பரணைச் சுத்தம் செய்வீர்கள், பதினொரு மணிக்கு மெஷினில் போய் உட்கார்ந்துவிடுவீர்கள்.

'ஞாயித்துக்கிழமையாவது மெஷின் சத்தம் இல்லாம இருக்கட்டும்மா' என்று ப்ளஸ் டூ படிக்கிற மகள் சொன்னதாகக் கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே என் மனதில் அதிகம் நின்ற வரி அதுதான். இன்னும் சில மாதத்தில் அவள் கல்லூரிக்கு வெளியூர் போகக்கூடும்.

கஸ்டமர் பழகிக்கொள்வார்களா என்று பயப்பட வேண்டாம். முடி வெட்டுகிற கடைகள் எத்தனையோ ஊரில் செவ்வாய்க்கிழமை திறப்பதில்லை. அன்றைக்கு யாரும் போய்ப் பூட்டைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போவதில்லை, புதன்கிழமை போகிறார்கள். மாறி மாறி மூடினால்தான் ஆள் போகும். ஒரு ஞாயிறு திறந்து, ஒரு ஞாயிறு மூடி, 'ரொம்ப வேண்டியவங்க' என்று பக்கக் கதவைத் திறந்து கொடுத்தால் எல்லாரும் ரொம்ப வேண்டியவர்களாகிவிடுவார்கள். கடையை வாரத்தில் ஒரு நாள் மூட வேண்டும், எந்த நாள் என்று கடையில் எழுதிக் காட்டி வைக்க வேண்டும் என்று நம் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே சொன்னது. நீங்களும் எழுதி மாட்டுங்கள். 'ஞாயிறு விடுமுறை' என்று பெரிய எழுத்தில், வாசலில், மழையில் அழியாத பலகையில்.

இன்னொன்று. மெஷினை மூடிவிட்டு நாள் முழுக்க அடுப்படியில் நின்றால் அது விடுமுறை ஆகாது. நம் வீடுகளில் ஞாயிறுதான் கறி எடுக்கிற நாள், பெரிய சமையல் நாள். அன்று ஒரு வேளையையாவது கணவரும் மகளும் பார்த்துக்கொள்ளட்டும். அவர்களிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். 91 மணி நேரம் என்ற எண்ணை மட்டுமாவது காட்டுங்கள். வீட்டில் இருந்தே செய்கிற வேலை வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

உடம்பைப் பற்றி நான் பேசக் கூடாது, அது டாக்டர் வேலை. ஆனால் 2021-ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் கூடுதல். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் கூடுதல். நீங்கள் செய்வது 91. நான் சொல்லியிருக்கிற 60-கூட அதிகம்தான். ஆறு மாதம் போகட்டும், ஹெம்மிங் பெண் கை தேறியதும் லைனிங் வைத்துக் கொடுக்கவும் பழக்கி, 50-க்குக் கொண்டுவரப் பார்க்கலாம். விரல் மரத்துப்போவதைச் சாதாரணமாக விடாதீர்கள். எலும்பு மருத்துவரிடமோ நரம்பு மருத்துவரிடமோ மணிக்கட்டைக் காட்டிவிடுங்கள், சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். முதுகு சாயாத அந்த ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாய்மானம் உள்ள நாற்காலி வாங்குங்கள். இந்த மாதமே.

அந்தப் பட்டுப் பிளவுஸ் விஷயத்தில் நீங்கள் உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். 11 வருடம் கத்தரி பிடித்த கைக்கு, இரண்டு கையையும் எதிரெதிராக மடித்து வெட்ட வேண்டும் என்பது தெரியாதா? அந்த ராத்திரி வெட்டியது தூக்கமில்லாத கை. புடவையோடு வந்த பார்டர் துணிக்கு மாற்றுத் துணி கிடைக்காது. 1,200 ரூபாய் கொடுத்து வேறு பட்டு வாங்கி வைத்தும் அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை என்கிறீர்கள். மூன்று ராத்திரி கண்விழித்ததில் சம்பாதித்ததையும் அந்தக் குடும்பம் வருடா வருடம் தந்துகொண்டிருந்த வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எனக்கும் ஒரு செப்டம்பர் மாதக் கடைசியில், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நெருக்கடியில், ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருடைய கணக்கில் போன வருடத்து எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டேன். அவருக்கு நோட்டீஸ் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அதற்கப்புறம் இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் எண்களைத் தொடுவதில்லை. நீங்களும் ஒரு நேரம் வையுங்கள். ஏழரைக்கு மேல் கத்தரி எடுக்கக் கூடாது. ஹூக் கட்டுவது தப்பினால் பிரித்துவிடலாம், கத்தரி தப்பினால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த தீபாவளிக்கு இப்போதே முடிவு செய்யுங்கள். 18 நாளுக்கு முன்னால் 'தீபாவளி ஆர்டர் முடிந்தது' என்ற அட்டை தொங்க வேண்டும். அந்த 18 நாளுக்குக் கொஞ்சம் தளர்த்தி நாளுக்குப் பத்துப் புள்ளி, 12 மணி நேரம் என்று போகலாம், தப்பில்லை. எல்லாத் தொழிலிலும் சீசன் உண்டு. ஆனால் தீபாவளி முடிந்ததும் நாலு நாள் மூடல், அதையும் அன்றே நோட்டில் கோடு போட்டுவிட வேண்டும். அப்புறம் ஆடி. முகூர்த்தம் இல்லை. ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கிறவர்கள் ஆவணிக் கல்யாணத்துக்குப் பிளவுஸ் கொண்டுவர ஆடிக் கடைசி ஆகிவிடும். அதனால் ஆடி முதல் பத்து நாளில் ஐந்து நாள் உங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும். அம்மா வீட்டுக்குப் போய் எத்தனை வருடம் ஆயிற்று என்று எழுதவில்லை, ஆனால் கேட்கத் தோன்றுகிறது.

கடைசியாக, சும்மா உட்கார்ந்தால் தப்புச் செய்கிற மாதிரி இருக்கிறது என்றீர்களே. எனக்கு அது நன்றாகப் புரிகிறது. சின்ன வயதிலிருந்து 'சும்மா உட்கார்ந்திருக்கா பாரு' என்று கேட்டே வளர்ந்த பெண்கள் நாம். வீடும் கடையும் ஒன்றாக இருந்தால் இன்னும் கஷ்டம், மெஷின் கண்ணெதிரே நின்று கூப்பிடும். ஒன்று கேட்கிறேன். ஆயுத பூஜையன்று கத்தரிக்கோலையும் டேப்பையும் சாமி முன்னால் வைத்து, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், மறுநாள் பூஜையிலிருந்து எடுக்கிற வரைக்கும் நீங்கள் தொடுவீர்களா? யாராவது வந்து 'ஒரே ஒரு தையல்' என்று கேட்டால்கூட 'பூஜையில இருக்குதுங்க' என்று சொல்லிவிடுவீர்கள். அவர்களும் பேசாமல் போய்விடுவார்கள். அன்று உங்களுக்குத் தப்புச் செய்கிற மாதிரி தோன்றுவதில்லை. சனிக்கிழமை இரவு மெஷினைத் துடைத்து, ஒரு பழைய சேலையைப் போட்டு மூடி, கத்தரிக்கோலை டேப்போடு சேர்த்துச் சாமி அலமாரியில் வைத்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு ஞாயிறு வீட்டில் இருக்காதீர்கள், இருந்தால் கை சேலையை விலக்கிவிடும். மகளோடு திருமூர்த்தி மலைக்கோ அமராவதி அணைக்கோ போய்விட்டு வாருங்கள், இரண்டும் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். எங்கும் போகப் பிடிக்கவில்லை என்றால் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். உங்களுக்கு வர வேண்டிய தூக்கம் நிறையப் பாக்கி இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து, முன்பு செய்த மாதிரியே ஒரு வாரத்துப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கோடு போட்ட ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தையும் சேர்த்து.